நேட்டால்காரர்: டர்பனில் ஆறு நாள்

முதல் நாள், செவ்வாய்

சாப்பிடக் கூப்பிட்டு நேரத்துக்கு வராத பிள்ளையை எங்கள் வீட்டில் "நேட்டாலுக்கா போயிட்ட?" என்று கேட்பார்கள். அது தென்னாப்பிரிக்காவில் ஒரு பகுதி என்று எனக்குத் தெரிந்தபோது வயது பதினான்கு. அந்த இடத்துக்கு நிஜமாகவே எங்கள் ஆள் ஒருவர் போனார் என்று தெரிந்தது கல்யாணமான பிறகுதான். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். தாது வருஷப் பஞ்சம் முடிந்த கையோடு ஆரணிப் பக்கமிருந்து மெட்ராசுக்கு நடந்து போய்க் கப்பலேறியவர். "போனவரு போனவருதான்" என்பதோடு கதை முடிந்துவிடும். வீட்டில் அவருக்குப் பெயர் நேட்டால்காரர்.

நான் பத்திர எழுத்தர். இருபத்தேழு வருஷமாக மற்றவர்கள் குடும்பத்தின் மூலப் பத்திரத்தைத் தேடிக் கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன். என் சொந்தக் குடும்பத்தின் மிகப் பழைய காகிதம் 1924-ஆம் வருடத்துக் கிரையம் ஒன்று. அதற்கு முன்னால் வெறும் வாய்ச்சொல். ஜோகன்னஸ்பர்க்கில் வேலையிலிருக்கும் மகள், "அப்பா, இங்க கூலிக் கப்பல் லிஸ்ட் எல்லாம் அப்படியே வெச்சிருக்காங்களாம், வா" என்று டிக்கெட் அனுப்பிவிட்டாள். துபாய் வழியாக நேட்டாலின் துறைமுகமான டர்பன். இறங்கியதும் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினேன்.

ஆடி மாசம் இங்கே குளிர்காலம். குளிர் என்றால் நம் மார்கழி விடியல் அளவுதான். தங்கியிருப்பது சாட்ஸ்வொர்த்தில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டு மாடியில். 1960-களில் இந்தியர்களை நகரத்தின் நல்ல இடங்களிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து குடிவைத்த பகுதி இது. டீச்சருக்கு எழுபது தாண்டியிருக்கும். பேச்செல்லாம் இங்கிலீஷ். ஆனால் சுவரிலிருந்த படத்தைக் காட்டி "மை ஆயா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டியை ஆயா என்பது எங்கள் வட ஆற்காட்டுப் பழக்கம்; மதுரைக்காரனிடம் சொன்னால் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரம்மா என்று நினைப்பான். அந்தச் சொல் கப்பலேறிப் போய் நாலு தலைமுறை தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாம் நாள், புதன்

பீட்டர்மாரிட்ஸ்பர்க். டர்பனிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர், ஏற்றமான சாலை. மகள்தான் ஓட்டினாள். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1893, ஜூன் 7. செங்கல் கட்டடம், ஒரு காத்திருப்பு அறை. பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டோம்.

இந்தப் பதிவேடுகள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேட்டாலில் கரும்பு போட்ட வெள்ளைக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராசிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். 1866-இல் ஆள் அனுப்புவது நின்றது. 1871-இல் ஊர் திரும்பியவர்கள் அடி உதைக் கதைகளை மெட்ராசில் சொல்ல, விசாரணைக் கமிஷன் வைத்து, கூலிகளுக்கென்று ஒரு 'பாதுகாவலர்' அலுவலகம் திறந்த பிறகுதான் 1874-இல் மறுபடி கப்பல் ஓடியது. 1911-இல் முழுக்க நிற்கும்வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உயரம், அங்க அடையாளம். பிறகு எந்த முதலாளியிடம் போனார், கடைசியில் என்ன ஆனார். எங்கள் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில்கூட ஒரு சாதாரண மனுஷனைப் பற்றி இத்தனை கட்டம் போட்டு எழுதுவதில்லை. ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது என்பது வேறு விஷயம்.

தேடுவதில் ஒரு தொல்லை. கப்பலேறும் ஆட்களைத் தங்கவைத்த மெட்ராஸ் டிப்போவில் உட்கார்ந்த குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினான். முனுசாமி மூன்சாமி ஆனார். முதலியார் மூட்லி ஆனார். கவுண்டர் ஒரு கையில் கவுண்டன், இன்னொரு கையில் கவண்டர். இன்று டர்பன் கடைத்தெருவில் பலகைக்குப் பலகை கவண்டர்தான். அதனால் எழுத்தை நம்பாமல் ஓசையை நம்ப வேண்டும். பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து, இதை ஒரு வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்த குமாஸ்தா எப்படியெல்லாம் எழுதியிருப்பான் என்று ஏழெட்டு விதமாகத் தேட வேண்டும்.

எங்கள் ஆளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊர்ப் பெயரையும்தான். காரணம் இப்போதைக்குச் சம்பிரதாயக் கூச்சம் மட்டுமே. அந்தப் பெயரில் எங்கள் வட்டாரத்தில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள் என்றால் பதிவேட்டில் எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குக் கிடைத்துவிட்டார்! ஜில்லா வட ஆற்காடு, தாணா ஆரணி, வயது பத்தொன்பது, 1882-ஆம் வருஷக் கப்பல். குறிப்பு: 1884-இல் தோட்டத்தில் மரணம். ஊருக்கு வராத காரணம் இதுதான். திரும்பும் வழியில் மகளிடம் காரை நிறுத்தச் சொல்லி ஓரமாக நின்று கொஞ்சம் அழுதேன்.

மூன்றாம் நாள், வியாழன்

நேற்று எழுதியதை அடித்துவிடுங்கள். அது எங்கள் ஆள் இல்லை.

விடிகாலையில் படுக்கையிலேயே நகலை விரித்துப் பார்த்தேன். ஜாதிக் கட்டத்தில் இருப்பது நாங்கள் இல்லை. தகப்பன் பெயர் பாதி எழுத்தில்தான் ஒத்துப்போகிறது. பஞ்சம் முடிந்து நாலு வருஷம் கழிந்திருக்கிறது. என்னிடம் வேலை பழகும் பையன் நான்கெல்லை சரிபார்க்காமல் பத்திரம் எழுதி வந்தால் நான் என்ன பேச்சுப் பேசுவேன் என்று எனக்கே தெரியும். ஆசை வந்தால் கண் தெரியாது போலிருக்கிறது. யாருக்கோ பிறந்து எங்கோ செத்த ஒரு பையனுக்காக நேற்று அழுதிருக்கிறேன். அவனுக்கு வேறு யாரும் அழுதிருக்க வாய்ப்பில்லை என்பதால் அந்தக் கணக்கில் நஷ்டமில்லை.

இன்று முறையாகத் தேடினேன். பெயரை ஓரமாக வைத்துவிட்டு 1877-லிருந்து வட ஆற்காடு, ஆரணி தாணா என்று இருக்கும் ஆண்கள் எல்லாரையும் எடுத்து, அதில் தகப்பன் பெயரைப் பார்த்தேன். 1878. வயது இருபத்தொன்று. எங்கள் ஜாதி. தகப்பன் பெயர் முழுசாக எங்கள் வம்சத்துப் பெயர், இன்றைக்கும் என் தம்பி மகனுக்கு இருக்கும் பெயர். கிராமத்தின் பெயரில் குமாஸ்தா ஒரு எழுத்தை விழுங்கியிருக்கிறான், ஆனால் உரக்கப் படித்தால் எங்கள் ஊர்தான். அங்க அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு.

எங்கள் குடும்பத்தில் எழுத்தில் ஏறிய முதல் மனுஷர் இவர்தான். நிலம் வைத்திருந்தவர்களைப் பற்றி அந்தக் காலத்துத் தாள் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. நிலத்தை விட்டுப் போனவரின் முழங்கால் தழும்பு இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வரியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். "1888, இந்தியா திரும்பினார்." பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள். ஒன்று மனைவி, விசாகப்பட்டினம் ஜில்லாவிலிருந்து தனியாக வந்தவள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அவள் வரிக்குப் போனேன்: வேறு ஜாதி, வேறு பாஷை. இன்னொரு எண் குழந்தைக்கு, ஆண், மூன்று வயது.

கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஐந்து வருஷ ஒப்பந்தம், அதற்கு மேல் இன்னொரு ஐந்து வருஷம் காலனியில் இருந்தால் திரும்பிப் போக இலவசக் கப்பல். 1878 கூட்டல் பத்து. கப்பலுக்கு இத்தனை ஆணுக்கு இத்தனை பெண் இருந்தாக வேண்டும் என்று சட்டம் இருந்ததால் விதவைகளும் வீட்டை விட்டு வந்தவர்களும் தனியாகவே ஏற்றப்பட்டார்கள். டிப்போவிலும் தோட்டத்து லைனிலும் ஜாதி பார்த்துக் கல்யாணம் செய்ய வழியில்லை. பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவு செய்தால் அது கல்யாணம்.

ஆனால் 'போனவரு போனவருதான்' என்பது எப்படி?

ராத்திரி (ஊரில் நடுநிசி நெருங்கிவிட்டது) அத்தைக்கு போன் போட்டேன். அப்பாவின் அக்கா, எண்பத்தாறு வயது, தூக்கம் வராதவர். என் கொள்ளுப்பாட்டி கையில் வளர்ந்தவர். "அத்த, நேட்டால்காரர் திரும்பி வந்தாரா?" என்றேன். கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"யார்ரா சொன்னா உனக்கு?"

"பேப்பர்ல இருக்கு அத்த."

"ஆயா ஒரே ஒரு வாட்டி சொன்னா. நான் அப்ப சின்னப் பொண்ணு. ஒரு பொம்பளையும் புள்ளையும் இட்டுனு வந்தாராம். திண்ணையில குந்த வெச்சி சோறு போட்டாங்களாம். உள்ள வுடல. துன்னுட்டு அந்தப் பொம்பளயே மூணு எலையும் எடுத்து, சாணி போட்டு எடத்த மொழுவிட்டுப் போனாளாம். அவ்ளோதான். அத ஏன் இப்ப கிளர்ற?"

"எங்க போனாங்க?"

"எங்கன்னு கண்டது. வந்த வழியே."

நாலாம் நாள், வெள்ளி

வந்த வழியே என்று அத்தை சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு. எனக்கு அது ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. இந்தக் கப்பல் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லாரும் பார்க்கும்படி செய்த இடம். ஊரில் இருந்துகொண்டே பார்க்கலாம். நான்தான் விமானம் ஏறி வந்தேன். ஊர் திரும்பியவர்களில் கொஞ்சம் பேர் அங்கே இடமில்லாமல் மறுபடி ஒப்பந்தம் எழுதி வந்ததுண்டு. அப்படி வருபவர்களுக்குப் பழைய எண் செல்லாது, புது எண். நம் ஊரில் ஒரே நிலத்துக்கு சர்வே எண் மாறுவதுபோல.

1888, 1889 மெட்ராஸ் கப்பல்கள். ஆணும் பெண்ணும் ஒரு குழந்தையும் அடுத்தடுத்த எண்ணில் இருக்கும் குடும்பங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனோம். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மதியம் வெளியே போய் பன்னி சவ் சாப்பிட்டோம். பெயரைக் கேட்டு முயல் என்று நினைத்துவிட வேண்டாம். பாதி ரொட்டியைக் குடைந்து உள்ளே மட்டன் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். குழம்பில் எங்கள் ஊர் மசாலாவின் ஏதோ ஒரு தூரத்து உறவு இருக்கிறது. கை முழுக்க எண்ணெயோடு திரும்பி வந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, தழும்பு" என்றாள் மகள்.

1889. பெயர் அதே. தகப்பன் பெயர் அதே. இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. வயது இருபத்தெட்டு என்றிருக்கிறது. முப்பத்திரண்டு இருக்க வேண்டும், வயசானவனை எடுக்க மாட்டார்கள் என்று குறைத்திருப்பார். மனைவி பெயர் அதே. பையன் வயது நாலு.

ஜாதிக் கட்டத்தில் மனைவியின் ஜாதி. ஜில்லா: விசாகப்பட்டினம். தாணாவும் கிராமமும் மனைவியின் பழைய வரியில் நான் நேற்றுப் பார்த்த அதே தாணா, அதே கிராமம்.

எங்கள் ஊரை எழுதவில்லை. குமாஸ்தா 'எந்த ஊர்' என்று கேட்டிருப்பான். அவர் ஒரு நொடி யோசித்திருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சட்டப்படி யோசித்தால் இது வேறு ஆள். பெயர் தவிர ஜாதி, ஜில்லா, ஊர், வயது எதுவும் ஒத்துப்போகவில்லை. கோர்ட்டில் நான் சாட்சி சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல் என்னைக் கிழித்துவிடுவார். ஆனால் தகப்பன் பெயர், மனைவி பெயர், பிள்ளையின் வயது, தழும்பு, நாலும் சேர்ந்து இன்னொருவருக்கு அமைய வேண்டுமே.

ஐந்தாம் நாள், சனி

ஆபீஸ்கள் மூடியிருந்தன. வடக்குக் கடற்கரையோரம் காரில் போனோம். மவுண்ட் எட்ஜ்கோம்ப், வெருலம், டோங்காட். முன்பு இதெல்லாம் கரும்பு. இப்போது பாதிக்குமேல் வீடுகளும் மால்களும் கோல்ஃப் மைதானமும். மிச்சமிருக்கும் மேடுகளில் இது வெட்டுக் காலம். வெட்டுவதற்கு முன் சோகையை எரிக்கிறார்கள். கரிச் சருகு மெல்லப் பறந்து வந்து கார் கண்ணாடியில் உட்கார்ந்தது. டீச்சர் வீட்டில் துணியைக் கொடியிலிருந்து உள்ளே எடுத்தது எதற்கென்று இப்போது புரிந்தது.

அவர் இரண்டாம் தடவை வேலைக்குப் போன தோட்டம் இந்தப் பக்கம்தான் எங்கோ. இடத்தைக் கண்டுபிடிக்கும் ஆசை இல்லை. வெட்டிய கரும்பின் நுனி எவ்வளவு கூராக இருக்கிறது என்று மட்டும் இறங்கித் தொட்டுப் பார்த்தேன். 1895-இல் ஒரு சட்டம் வந்தது: அதற்குப் பின் ஒப்பந்தத்தில் வந்து, காலம் முடிந்தும் மறு ஒப்பந்தம் எழுதாமல், ஊருக்கும் போகாமல் இங்கேயே தங்குபவர் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். 1913-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அடுத்த வருஷம் வரி ஒழிந்தது. இவர் 1889-இல் வந்தவர் என்பதால் அந்த வரியிலிருந்து தப்பியிருப்பார். இப்படி அவருக்காகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் ஒரு அற்பத் திருப்தி.

கார் ஓட்டிக்கொண்டே மகள் கேட்டாள்: "அப்பா, அவருக்குப் பாகம் இருந்திருக்கும் இல்ல?"

இதைத்தான் நான் வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து கேட்காமல் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேர். நிலம் கொள்ளுத்தாத்தா பேரில் மட்டும் வந்தது. 1924 கிரையத்தில் "எனக்கு வேறு பாத்தியஸ்தர் இல்லை" என்று ஒரு வரி உண்டு. நான் அதைப் படித்திருக்கிறேன், பலமுறை. வழக்கமான வாசகம், நானே ஆயிரம் பத்திரத்தில் எழுதியிருக்கிறேன். திண்ணையோடு அவரை அனுப்பியதற்கு ஜாதி ஒன்றுதான் காரணமா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. என் வீடு நிற்கும் பன்னிரண்டு சென்ட்டும் அந்த நிலத்தில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் இப்போது கூச்சம் மட்டுமில்லை.

"இருந்திருக்கும்" என்றேன்.

ஆறாம் நாள், ஞாயிறு

இன்று டீச்சர் தங்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். ஆடி மாசம் இங்கே ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு கோயிலில் 'பாரிட்ஜ் பிரேயர்' என்றார். போய்ப் பார்த்தால் கூழ் ஊற்றுகிறார்கள். வேப்பிலை, மஞ்சள் துணி, உடுக்கை எல்லாம் உண்டு. பாட்டுக்காரப் பையனுக்கு ஒரு தமிழ் வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்த தாலாட்டைப் பிசகாமல் பாடுகிறான். கூழ் நம்முடையதைவிடக் கொஞ்சம் தண்ணியாகவும் புளிப்பாகவும் இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நாலு வயதுப் பையன் பிழைத்திருந்தால் அவன் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இங்கே யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், தெலுங்குக் குடும்பம் என்று தங்களை நினைத்துக்கொண்டு. அவன் எண் என் சட்டைப்பையில் இருக்கிறது. கல்யாணப் பதிவு, மரணப் பதிவு என்று தேடிக்கொண்டே போக வழி உண்டு. மகள் தேடுகிறேன் என்கிறாள். கிடைத்தால் அவர்களிடம் என்ன சொல்வது என்பதை என்னிடம் விட்டுவிட்டாள்.

கோயில் வாசலிலேயே அத்தை போன் வந்தது. வழக்கமாக நாங்கள்தான் கூப்பிடுவோம், அவராகக் கூப்பிட மாட்டார். மறுபடி கப்பலேறினார்கள், இங்கேதான் இருந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். ஊரை மாற்றி எழுதியதையும் சொன்னேன். "ம்" என்றார். அடுத்த பேச்சு வரக் கொஞ்ச நேரமானது.

"அந்தப் பொம்பள பேரு போட்டுக்கீதா அதுல?"

"இருக்கு அத்த."

சொன்னேன். தெலுங்குப் பெயர், அத்தைக்கு வாயில் நுழையவில்லை. இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. அப்புறம், நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். கூழ் குடித்தேன் என்றேன்.